வெள்ளை வந்தால் அண்ணா வருவார்

பாரிஸின் லாசப்பலில் தமிழ்க் கடைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். இன்றைக்கு நமக்கே மூட்டுப் பிடிக்கிறது. மாத்திரைப் பெட்டியில் இருக்கும் எழுத்து, கண்ணாடி இல்லாமல் தெரிவதில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நாலைந்து பேர் ஒரே மேசையில் இருந்தோமே, அப்போது உங்களில் ஒருத்தி, "நீயெல்லோ பூப் போட்டியிலை முதல் பரிசு எடுத்தனி?" என்று கேட்டாள். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் சிரித்துவிட்டுச் சோடா எடுக்கப் போய்விட்டேன். அந்தப் பரிசின் கதையை வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லாமல் இனி யாருக்குச் சொல்லப் போகிறேன்?

எனக்கு அப்போது பத்து வயது. மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஐந்தாம் மாடியில், ஒரே அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். அம்மா வீட்டோடு இருந்தார். அண்ணா மட்டும் எங்களோடு இல்லை. அம்மா பிரான்சுக்கு வந்தபோது என்னைத் தன் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார். பன்னிரண்டு வயதுப் பையனை அப்படி ஒட்ட முடியாது என்று, ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். பிறகு கூப்பிடலாம் என்று அண்ணாவை அப்பாவின் அக்காவிடம், அதாவது எங்கள் மாமியிடம், விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பிறகு ஐந்து வருடமாக நீண்டுகொண்டிருந்தது. அண்ணாவுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாமல் மாமியும் அண்ணாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள்.

அண்ணாவின் முகம் எனக்கு நினைவில்லை. வலது முழங்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. என்னைத் தோளில் தூக்கி இறக்கும்போது அதுதான் என் கண்ணுக்கு நேரே வரும். குரல் மட்டும் கசெட்டில் வந்தது. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டுக்கும் அப்படித்தானே வந்தது? வருகிறவர் யாராவது கொண்டுவந்து தருவார்கள். கசெட்டை ஓட விட்டால் முதலில் லொட்ஜின் மின்விசிறிச் சத்தம் கேட்கும். பிறகு அண்ணா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நான் சுகம்" என்று தொடங்குவார்.

இனிப் பூவுக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஒரு புதுச்சேரிக்காரர் இருந்தார். நாங்கள் அவரைப் பிரெஞ்சுக்காரர் 'ஐயா' என்பதுபோல முசியே என்றே கூப்பிட்டோம். ரயில் பாதை ஓரமாக ஒரு துண்டு நிலத்தில் அக்கம்பக்கத்தார் சங்கம் வைத்துத் தோட்டம் செய்தார்கள், அதில் அவரும் ஓர் ஆள். அம்மா நாள் முழுக்க ஜன்னலோரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு பாய் அளவு மண்ணை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார். கொத்தமல்லி போடலாம் என்றுதான் அம்மா போனார். ஆனால் சங்கத்தில் வருடாவருடம் வசந்தத்தில் ஒரு பூப் போட்டி நடக்கும். அவர்கள் வாய்க்கு அது கொங்கூர். ஜோன்கீ என்று இங்கே சொல்லும் மஞ்சள் பூவும், நார்சிஸ் என்று சொல்லும் அதன் வெள்ளை உறவுக்காரியும்தான் அங்கே ராணிகள். ஆங்கிலப் பாடத்தில் டாஃபடில் என்று படித்திருப்பீர்களே, அதே சாதி.

"ஒரே வகையில மூணு தண்டு வெக்கணும்மா. மூணும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். ஜூரி வந்து பாப்பாங்க. நீங்களும் பேர் குடுங்களேன், பாப்பாவுக்கும் பொழுது போகும்" என்றார் முசியே.

அக்டோபரில் கிழங்கைக் கையில் தந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இது வெங்காயமெல்லோ!" என்றார். அம்மா வெங்காயம் விளைந்த வீட்டில் பிறந்தவர். யாருக்கும் காத்திராமல், விரல் இடைவெளி விட்டு, கிழங்கின் தோள் வெளியே தெரியும்படி, கயிறு பிடித்த மாதிரி நாற்பது கிழங்கையும் நட்டு முடித்தார். முசியே வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். இது சாண் ஆழத்தில் போகவேண்டிய கிழங்காம். எல்லாவற்றையும் கிளறி எடுத்து மறுபடி புதைத்தோம். "சவம் புதைக்கிற மாதிரிப் புதைக்கச் சொல்லுறார்" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே மண்ணைத் தள்ளினார். குளிர்காலம் முழுவதும் அங்கே வெறும் மண்தான் இருந்தது, அதன்மேல் ரயில்கள் சத்தம் போட்டுக்கொண்டு போயின.

மார்ச்சில் பச்சை வந்தது. மஞ்சள் முதலில் பூத்தது. அன்றைக்கு அம்மா செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். முதல் நாலு பூவையும் தலையோடு கிள்ளி, சேலைத் தலைப்பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பூப் பறிப்பதென்றால் அம்மாவுக்கு அப்படித்தான், காம்பு யாருக்கு வேண்டும்? பிள்ளையார் படத்துக்கு வைத்துவிட்டு முசியேயிடம் பெருமையாகக் காட்டினார். "தண்டுக்கும் மார்க்கு இருக்கும்மா!" என்று அவர் கத்தியது முழுக் கட்டடத்துக்கும் கேட்டிருக்கும்.

வெள்ளை பிந்தித்தான் வரும். நட்டதில் ஐந்தே ஐந்துதான் வெள்ளை. அதை முதலில் கண்டது நான். தாள் மாதிரி மெல்லிய வெள்ளை இதழ், நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கிண்ணம், அதற்குச் சிவப்புக் கரை. பக்கத்தில் குனியப் போனேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"மணந்து பாக்காதை பிள்ளை. பேந்து சாமிக்கு வைக்கேலாது."

"இது சாமிக்கில்லையே அம்மா. கொங்கூருக்குத்தானே?"

"ஆருக்கெண்டாலும் பூ பூதான்."

முசியேவுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. அவர் மூக்கை உள்ளேயே விட்டார். "மஞ்சளுக்கு வாசனையே கெடையாது. இந்த வெள்ளை இருக்கே, கண்ண மூடிக்கிட்டே சொல்லிடலாம்" என்றார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதை மறக்கவில்லை.

அந்த வாரங்களில் எனக்கு வேறு உலகமே இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னிடம் இருந்ததெல்லாம் இரவல் சட்டையும் பிழையான உச்சரிப்பும்தான். முதன்முதலாக என்னிடம் மற்றவர்கள் வந்து பார்க்கக்கூடிய ஒரு பொருள் இருந்தது. ஒரு வெள்ளையை நத்தை கடித்துவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மீதி நாலையும் கடைசியாகப் பூத்த இரண்டு மஞ்சளையும் தண்டோடு வெட்டி, நிலவறையில் இருட்டான மூலையில் வாளித் தண்ணீரில் வைத்தோம். குளிரில் வைத்தால் பூ வயது போகாமல் நிற்கும். பள்ளிவிட்டு வந்ததும் நான் கீழே ஓடிப் போய் நாலு வெள்ளையும் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை அப்பா வேலையிலிருந்து இடைநேரத்தில் வந்தார். கோட்டைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏஜென்சிக்காரன் டெலிபோன் எடுத்தவன். அடுத்த கிழமை ஒரு குறூப் வெளிக்கிடுதாம். தம்பியையும் விடுறதோ எண்டு நாளைக்குள்ளை சொல்லட்டாம்."

அப்பாவுக்கு அண்ணா எப்போதும் தம்பிதான். அம்மா அடுப்பை அணைத்தார். அதற்கு முந்திய குளிர்காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பையன் அப்படிப் புறப்பட்டு, ஏதோ ஓர் எல்லைக் காட்டில் பனியில் கிடந்து இரண்டு காலையும் இழந்து வந்திருந்தான். இன்னொரு வழியும் இருந்தது. அண்ணாவைச் சட்டப்படி கூப்பிட அப்பா ஏற்கனவே சர்க்காருக்கு விண்ணப்பப் பேப்பர் போட்டிருந்தார். "பிரெஞ்சு சர்க்கார் சொன்னா சொன்னதுதான், ஆறு மாசத்துல வந்துடும்" என்று முசியே அடித்துச் சொல்லியிருந்தார். அப்பா அதை நம்பவில்லை.

"பேப்பர் வரேக்கை அவனுக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கும். கொழும்பிலை ஒவ்வொரு நாளும் பெடியளைப் பிடிக்கிறாங்கள். விடுவம்" என்றார்.

"பூக்கட்டிப் பாப்பம்" என்றார் அம்மா.

அப்பா மறுக்கவில்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மறுத்திருப்பார். பூக் கட்டுவது அப்படியல்ல, அதற்கு அவரும் கட்டுப்பட்டவர். நமக்கெல்லாம் தெரிந்த வழக்கம்தானே. இரண்டு நிறப் பூவைத் தனித்தனித் தாளில் மடித்துச் சாமிக்கு முன்னால் போட்டு, அறியாத பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. அந்த வீட்டில் அறியாத பிள்ளை நான்தான்.

அம்மா கீழே போய் ஒரு வெள்ளையும் ஒரு மஞ்சளும் தலையோடு கிள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளை இனி மூன்றுதான் என்று என் மனம் எண்ணியது. என்னுடைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, இரண்டாக்கி, பூவை வைத்து மடித்தார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் இரண்டையும் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு சத்தமாகவே சொன்னார்:

"வெள்ளை வந்தால் பிள்ளை வெளிக்கிடட்டும். வெள்ளை வந்தால், நிக்கிற பூ முழுக்க ஞாயிற்றுக்கிழமை உனக்குத்தான் அப்பனே. மஞ்சள் வந்தால் பேப்பருக்குப் பாத்துக்கொண்டு இருப்பம்."

நான் கேட்டது நடுவில் இருந்த வரியை மட்டும்தான். நிக்கிற பூ முழுக்க. ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய மூன்று வெள்ளையும் தலை கிள்ளப்பட்டுக் கோயில் தட்டில் கிடப்பது எனக்குத் தெரிந்தது.

"கை கழுவிப் போட்டு வா பிள்ளை. கும்பிட்டிட்டு ஒண்டை எடு."

கழுவினேன். முழந்தாளிட்டு, தலை தரையில் படும்படி விழுந்து கும்பிட்டேன். வழக்கமாக நான் அப்படியெல்லாம் விழுகிற பிள்ளை இல்லை. என் மூக்கு இரண்டு பொட்டலத்துக்கும் நடுவில் இருந்தது. மூச்சை இழுத்தேன். இடது பக்கத்திலிருந்து வாசனை வந்தது. இனிப்பு, அதற்கு அடியில் கொஞ்சம் கசப்பு. வலது பக்கத்தில் தாள் மணம் மட்டும் இருந்தது.

நான் வலது பக்கத்தை எடுத்தேன்.

அப்பா பிரித்துப் பார்த்தார். மஞ்சள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழுந்து, ஏஜென்சிக்காரனுக்கு டெலிபோன் எடுக்க வெளியே போனார். அம்மா இரண்டு தாளையும் நீவி மடித்து வைத்தார். எனக்கு உள்ளே குதிக்கவேண்டும் போலிருந்தது. அதை மறைப்பதற்காகப் பாடப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்றைக்கு இருந்தது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மெத்ரோவில் இரண்டு தரிப்பு. மடியில் பால் பெட்டி, அதற்குள் போத்தல், போத்தலில் மூன்று தண்டு. மேரி என்று சொல்லும் நகரசபைக்குப் பக்கத்து மண்டபத்தில் பச்சைத் துணி விரித்த நீள மேசைகள் இருந்தன. தண்டு நேராக நிற்பதற்குப் போத்தலின் வாயில் பாசி அடைத்தார்கள். அம்மா பையிலிருந்து விளக்குத் திரிப் பஞ்சை எடுத்து, இதழ் இதழாகத் தூசு துடைத்தார். முகம் கவிழ்ந்திருந்த ஒரு பூவின் கழுத்தைச் சூடு ஏறும்வரை விரலிடையில் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். அந்தக் கைக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூரியில் ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பூவாக மூக்கை வைத்து இழுத்துக்கொண்டே வந்தாள். அம்மா என் தோளைப் பிடித்தார். "எல்லாத்தையும் மணந்து போட்டாள். கண்டறியாத சனம்" என்றார். எங்கள் போத்தலின் முன்னால் அவள் இரண்டு முறை குனிந்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

முதல் பரிசு. சிவப்பு நாடா கட்டிய ஓர் அட்டை, ஒரு கண்ணாடிச் சாடி. படம் எடுத்தார்கள். அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், அம்மா கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார். இந்தப் பார்வையை நான் வெகுகாலம் பெருமை என்று நினைத்திருந்தேன்.

படத்தில் ஒரு பிரதி அண்ணாவுக்குப் போனது. ஜூனில் கசெட் வந்தது. மின்விசிறிச் சத்தம். தொண்டைச் செருமல். "தங்கச்சி, உன்ர படத்தைச் சுவரிலை ஒட்டியிருக்கிறன். லொட்ஜிலை எல்லாருக்கும் காட்டினனான். ஒருத்தரும் நம்புறாங்கள் இல்லை, பிளாஸ்ரிக் பூ எண்டுறாங்கள். நான் வந்தாப்பிறகு எனக்கும் அந்தத் தோட்டத்தைக் காட்டு, என்ன?" அதோடு அந்தப் பக்கம் முடிந்துவிடும்.

ஜூலையில் ஒருநாள் அண்ணா பாண் ரொட்டி வாங்க லொட்ஜிலிருந்து இறங்கிப் போனார். தெருமுனைக் கடைக்காரன் பாண் கொடுத்ததாகச் சொன்னான். அதற்குப் பிறகு அண்ணாவைக் கண்டவர் ஒருவரும் இல்லை. மாமி பொலிஸ், ஆமி, ஆஸ்பத்திரி என்று எல்லா வாசலிலும் போய் நின்றார். அடுத்த வருடமும் நின்றார். அண்ணா காணாமல் போன அந்த வருடமே, அக்டோபரில், எங்களுக்குப் பேப்பர் வந்தது. அண்ணாவுக்கு அனுமதி. பெயரில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. முசியே ஆறு மாதம் என்று சொன்னது ஏறக்குறையச் சரிதான்.

அன்றிலிருந்து அம்மா தோட்டத்துக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் கிழங்கு யாரும் நடாமலே அடுத்த வசந்தத்திலும் வந்தது. பதினொரு வெள்ளை. முசியே பாவம், ஒரு கட்டாகக் கொண்டுவந்து கதவைத் தட்டினார். அம்மா வாங்கி, அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார். கதவு பூட்டியதும் பூவைக் குப்பைக்குள் திணித்து, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினார். அறையை விட்டு மூன்று நாள் அந்த வாசனை போகவில்லை. நான் போர்வைக்குள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அட்டையும் சாடியும் பாரிஸுக்கு வெளியே திரான்சிக்கு வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டன. கசெட்டும் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார், கடைசிவரை அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு சொல் பேசாமல். எனக்கு இருப்பவை சில கெட்ட பழக்கங்கள்தான். ஏப்ரலில் மெத்ரோ வாசலில் பூக்கட்டு விற்பவர்களைக் கண்டால் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போவேன். கோடையில் ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் அரைக் காற்சட்டையோடு வரும் ஆண்களின் முழங்காலைப் பார்ப்பேன். என் கணவர் ஒருமுறை கேட்டே விட்டார். நான் பார்ப்பதெல்லாம் இளம் பையன்களின் கால். அண்ணாவுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும் என்பது என் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சிலவேளை சமைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன். திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும்.

போன குளிர்காலத்தில் மாமியின் மகன் கொழும்பிலிருந்து ஒரு படிவம் அனுப்பினான். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுப்பதற்கான படிவம். தாய் கையெழுத்துப் போடவேண்டும். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார், பெரும்பாலும் படுக்கையில். படிவத்தை விரலால் தள்ளிவிட்டு, "உவையள் எழுதிப் போட்டால் செத்திடுவானோ?" என்று சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அம்மா, நான் அண்டைக்குப் பூவை மணந்து பாத்துத்தான் எடுத்தனான். வெள்ளை எதெண்டு எனக்குத் தெரியும்."

"தெரியும்" என்றார் அம்மா.

அவர் திரும்பவில்லை. சுவருக்குத்தான் சொன்னார்.

"விழுந்து கும்பிடேக்கை உன்ர மூக்கு விரிஞ்சதைப் பாத்தனான். ஒருநாளும் அப்பிடி விழுந்து கும்பிடாத பிள்ளை."

"பேந்து ஏன் மறிக்கேல்லை? வேறை பூ வைச்சிருக்கலாமே?"

"எனக்கும் மஞ்சள்தான் வேண்டிக் கிடந்தது. அந்தப் பெடியன்ர காலைப் பாத்திட்டு வந்து எனக்கு நித்திரை இல்லை. நான் வேண்டாம் எண்டால் உன்ர அப்பா கேளார். பூ சொன்னால் கேப்பார்."

ரேடியேட்டர் தட்டிக்கொண்டிருந்தது. நான் பத்து வயதிலிருந்து இன்றுவரை படுத்த படுக்கைகளையெல்லாம் நினைத்துக்கொண்டேன். பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதுகூட இந்தக் கையால்தானே எடுத்தேன், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதே என்று கையை ஒளித்துவைத்துக்கொண்டு படுத்தவள் நான். எனக்கு ஆத்திரம் வந்தது. உங்களிடம் மறைப்பானேன், கிடந்த கிழவியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அப்ப இவ்வளவு வருசமா ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அம்மா என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் இல்லை. எப்போதோ யோசித்து முடித்துவைத்திருந்த பதில் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"சொன்னால் நீ பாரத்தை இறக்கி வைச்சிடுவாய் பிள்ளை. பேந்து நான் ஒருத்தியாயெல்லோ தூக்கோணும்."

நான் எழுந்து வெளியே போனேன். கோட்டைக்கூட எடுக்காமல் திரான்சியின் அந்தக் குளிரில் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்தேன். ஒரு பஸ் வந்து கதவைத் திறந்து, நான் ஏறாததால் மூடிக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது அம்மா அதே பக்கமாகப் படுத்திருந்தார், கட்டில் ஓரத்தில் எனக்கு இடம் விட்டு. போய் உட்கார்ந்தேன். அண்ணா பாண் வாங்கப் போனதை நினைத்துக்கொண்டிருக்க இந்த உலகத்தில் எங்கள் இருவரையும் விட்டால் வேறு யாரும் இல்லை.